பனின்னா காய்ச்சல், வெள்ளம்னா தண்ணி

நேத்து நைட் டியூட்டி. இங்க சவூதியோட கிழக்குப் பக்கம், தம்மாம். ராத்திரி ரெண்டரை மணி இருக்கும், எமர்ஜென்சியில இருந்து ஒரு சாம்பிள் வந்துச்சு. பத்தொன்பது வயசுப் பையன். ரெண்டு காலும் முதுகும் வலின்னு துடிச்சுக்கிட்டு வந்திருக்கான். ஸ்லைடு போட்டுப் பார்த்தா அரிவாள் அரிவாளா செல்லு. கொஞ்ச நேரத்துல அவங்க அப்பா லேப் ஜன்னல்கிட்ட வந்து நின்னு, "என்ன வந்திருக்கு?"ன்னு கேட்டார். நான் ஒண்ணும் சொல்லல. ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு உட்கார வெச்சேன். டாக்டருக்குப் போன் பண்ணி, அவர் இறங்கி வர்ற வரைக்கும் கூடவே நின்னேன். பத்து நிமிஷம்.

கூட வேலை பாக்கற பிலிப்பைன்ஸ்காரர் சிரிச்சார். "ரிசல்ட்தான் கம்ப்யூட்டர்ல போயிடுச்சே, நீ ஏன் அங்க நிக்கற?"

அவருக்குச் சொல்ல ஆரம்பிச்சா பொழுது விடிஞ்சுடும். அதான் இங்க எழுதறேன். ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, தைரியம் இல்லாம தள்ளிப் போட்ட கதை.

2016. நான் கோயம்புத்தூர்ல பி.எஸ்சி. எம்.எல்.டி. படிச்சு முடிச்சுட்டு (லேப் டெக்னீசியன்னு சொன்னாதான் எங்க ஊர்ல புரியும்) ஆறு மாசம் இன்டர்ன்ஷிப்புக்கு அலைஞ்சுக்கிட்டிருந்தேன். கூடப் படிச்சவங்க எல்லாம் சிட்டி ஆஸ்பத்திரியிலயே ஒட்டிக்கிட்டாங்க. எனக்கு வாய்ச்சது மலைக்கு அந்தப் பக்கம், கேரளா, பாலக்காடு மாவட்டம் அட்டப்பாடி. ஆஸ்பத்திரி பேரு வேண்டாமே.

எங்க வீடு கணுவாய். வாசல்ல நின்னா ஆனைகட்டி பஸ் போகும். செங்கல் சூளைகளைத் தாண்டி, மாங்கரை தாண்டி, மலை ஏறி இறங்கினா ஆனைகட்டி. ஒரு சின்னப் பள்ளம், அதுக்கு மேல பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளா. அவ்வளவுதான் தூரம். ஆனா அம்மா என்னவோ நான் துபாய்க்குப் போற மாதிரி ஊறுகாய் கட்டிக் குடுத்தாங்க.

அட்டப்பாடி பத்தி ரெண்டு வரி. இருளர், முதுகர், குறும்பர்னு மூணு பழங்குடிகள் வாழற பூமி. அவங்க குடியிருப்புக்கு 'ஊரு'ன்னு பேரு. அப்புறம் தமிழ்நாட்டுல இருந்து போனவங்க, கேரளாவோட மத்த பக்கத்துல இருந்து வந்தவங்க. சைலண்ட் வேலி பக்கத்துல இருந்து வர்ற பவானி இங்க கிழக்க பாத்து ஓடித்தான் நம்ம ஊருக்கு வருது. 2013ல இங்க வரிசையா பச்சக் குழந்தைங்க செத்த செய்தி இந்தியா பூராவும் வந்துச்சு, உங்கள்ல சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். நான் போனது அதுக்கு மூணு வருஷம் கழிச்சு.

அங்க போய்ச் சேர்ந்த ரெண்டாவது வாரம்தான் அந்த மூணு பேரும் வந்தாங்க. ஹவுஸ் சர்ஜன்ஸ், அதாவது எம்.பி.பி.எஸ். பரீட்சை முடிச்சு கடைசி வருஷப் பயிற்சியில இருக்கறவங்க. கிராமப்புற போஸ்டிங், ரெண்டு மாசம். பேரு எல்லாம் சொல்லமாட்டேன், ஊர்ப் பேரை வெச்சே கூப்பிடறேன். கொல்லத்துச் சேட்டன். திருச்சூர்ச் சேச்சி. அப்புறம் மூணாறு அண்ணன்.

டாக்டர் ஜாதி வேற, லேப் ஜாதி வேறன்னு ஆஸ்பத்திரியில வேலை பாத்தவங்களுக்குத் தெரியும். கேன்டீன்ல மேசை கூடத் தனி. அவங்க எங்கிட்ட ஒட்டினதுக்குக் காரணம் என் பெருமை எல்லாம் ஒண்ணுமில்ல. ராத்திரியில ஃபேன் ஒழுங்கா ஓடற ரூம் லேப் மட்டும்தான். :-)

இன்னொரு காரணம் பாஷை. கொல்லத்துச் சேட்டனுக்குத் தமிழ் சினிமாத் தமிழ் மட்டும்தான் தெரியும். முதல் நாள் ஓ.பி.யில ஒரு பாட்டி. சேட்டன், "பனி உண்டோ?"ன்னு கேட்டார். மலையாளத்துல பனின்னா காய்ச்சல். பாட்டி ஜன்னல் வழியா வெளிய எட்டிப் பாத்துட்டு, "இந்த மாசத்துல ஏது பனி?"ன்னு சொல்லுச்சு. அடுத்ததா, "நல்லவண்ணம் வெள்ளம் குடிக்கணும்"னார். பாட்டி மிரண்டு போய் என்னைப் பாத்துச்சு. வெள்ளத்தை எப்படிக் குடிக்கறது? தண்ணிதான் பாட்டி, தண்ணின்னு நான் சொன்னதுக்கு அப்புறம்தான் சிரிச்சுது. அன்னைல இருந்து நானும் மூணாறு அண்ணனும்தான் அவருக்கு மொழிபெயர்ப்பாளர்.

கொஞ்ச நாள்லயே ஒரு பண்டமாற்று ஆரம்பிச்சுச்சு. நான் அவங்களுக்கு ஸ்மியர் போடச் சொல்லிக் குடுத்தேன். ஒரு சொட்டு ரத்தம், இன்னொரு ஸ்லைடைச் சாய்ச்சு ஒரே இழுப்பு, நுனி நாக்கு மாதிரி வரணும். மூணு பேருமே முதல் இருபது ஸ்லைடை நாசம் பண்ணினாங்க. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம்தான், பொய் சொல்லல. பதிலுக்கு அவங்க எனக்கு ஆளைக் காட்டினாங்க.

அது திருச்சூர்ச் சேச்சியோட ஏற்பாடு. ஒரு நாள் ஹீமோகுளோபின் 4.2ன்னு ஒரு ரிப்போர்ட் எழுதிட்டு அடுத்த டியூபை எடுத்தேன். சேச்சி அந்தச் சீட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு, "எடா, இது ஆரா?"ன்னு கேட்டாங்க. நான் சாம்பிள் நம்பரைச் சொன்னேன். "நம்பர் அல்ல. ஆரா?" கையைப் பிடிச்சு இழுக்காத குறையா வார்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ஒரு அக்கா, இடுப்புல குழந்தை, பக்கத்துல விறகுக்கட்டு மாதிரி சுருட்டின துணி மூட்டை. 4.2 வெச்சுக்கிட்டு மலை இறங்கி நடந்து வந்திருக்காங்க. உள்ளங்கை வெள்ளைப் பேப்பர். நான் மூணு வருஷம் படிச்ச படிப்புல ரத்தசோகையை அன்னைக்குத்தான் பாத்தேன்.

அதுக்கப்புறம் அதுதான் சட்டம். சாயங்காலம் ஒரு ரிசல்ட், ஒரு முகம்.

கொல்லத்துச் சேட்டன் வேற மாதிரி. க்விஸ் பைத்தியம். கட்டன் சாயாவும் கையுமா உட்கார்ந்து கதை சொல்வார். அவர் சொன்னதுல ஒண்ணு இன்னிக்கும் மறக்கல. சிக்கிள் செல் நோயை முதல்ல எழுதினவர் சிகாகோவுல ஜேம்ஸ் ஹெரிக், 1910ல. ஆனா அந்தச் செல்லை முதல்ல பாத்தது ஹெரிக் இல்லியாம். 1904ல ஆஸ்பத்திரியில சேர்ந்த நோயாளியோட ரத்தத்தைப் பாத்து, என்னமோ நீளநீளமா இருக்கேன்னு குறிச்சு வெச்சது அவர்கிட்ட வேலை பாத்த இன்டர்ன், எர்னஸ்ட் ஐயன்ஸ். நோயாளி யாரு? வால்டர் க்ளமென்ட் நோயல், கிரெனடா தீவுல இருந்து வந்து பல் மருத்துவம் படிச்சுக்கிட்டிருந்த மாணவர். "பாத்தோ, ஒரு ஸ்டூடன்டோட ரத்தம், ஒரு இன்டர்னோட கண்ணு. பேரு மட்டும் பெரியவருக்கு"ன்னு சேட்டன் மேசையைத் தட்டினார். நாங்க நாலு பேரும் எங்களையே அந்தக் கதையில வெச்சுப் பாத்துக்கிட்டோம்.

இந்தியாவுல இது தெரிய வந்தது 1952ல. லேமான், கட்புஷ்னு ரெண்டு பேர், நீலகிரிப் பழங்குடிகள்கிட்ட. அதாவது நாங்க உட்கார்ந்திருந்த மலைக்கு அடுத்த மலை. அட்டப்பாடியிலயும் இது உண்டு. அதனால எங்க லேப்ல சிக்கிள் டெஸ்ட் அடிக்கடி வரும்.

இப்ப கொஞ்சம் பாடம், பொறுத்துக்குங்க. கதைக்கு வேணும். ஒவ்வொருத்தருக்கும் ஹீமோகுளோபினுக்கான ஜீன் அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ரெண்டுமே சிக்கிளா இருந்தா நோய். வலி, சோகை, அடிக்கடி ஆஸ்பத்திரி. ஒண்ணு மட்டும் சிக்கிளா இருந்தா அதுக்கு ட்ரெய்ட்னு பேரு. அவங்க சாதாரணமா வாழ்வாங்க, மலேரியாகிட்ட இருந்து கொஞ்சம் பாதுகாப்பு கூட உண்டு. எங்ககிட்ட இருந்தது சால்யுபிலிட்டி டெஸ்ட் மட்டும். சின்ன டியூப்ல மருந்து, துளி ரத்தம், பின்னாடி கறுப்புக் கோடு போட்ட அட்டை. அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தா, கோடு தெரிஞ்சா நெகட்டிவ். கலங்கிப் போய் கோடு தெரியலைன்னா பாசிட்டிவ். ஆனா பாசிட்டிவ் வந்தா அது நோயா, ட்ரெய்ட்டான்னு இந்த டெஸ்ட் சொல்லாது. அதுக்கு ஹெச்.பி.எல்.சி.ன்னு இன்னொண்ணு. அந்த சாம்பிள் வெளிய போய் வர நாளாகும்.

இது எல்லாம் எனக்குத் தெரியும். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன்.

ஒரு திங்கக்கிழமை ஒரு பொண்ணு வந்துச்சு. இருபது வயசு இருக்கும். இருளர் ஊருல இருந்து. கூட அவங்க அம்மா. டியூப் கலங்கிடுச்சு. ஜன்னல்ல நின்னு அந்தப் பொண்ணு, "அண்ணா, என்ன வந்துச்சு?"ன்னு தமிழ்லயே கேட்டுச்சு. நாள் பூரா மலையாளம் கேட்டுக் கேட்டுச் சலிச்ச காது. 'அண்ணா'ன்னு வேற கூப்பிட்டுருச்சு. நானும் பெரிய மனுஷனாட்டம், "பாசிட்டிவ்மா. சிக்கிள் செல் இருக்கு"ன்னேன்.

"அந்த நோவா?"

"ஆமா."

அந்த ஒரு 'ஆமா'தான். அடுத்த டியூபுக்குத் திரும்பிட்டேன். அந்தப் பொண்ணு எவ்வளவு நேரம் அங்க நின்னுச்சுன்னு கூட எனக்குத் தெரியாது.

மூணு வாரம் கழிச்சு ஹெச்.பி.எல்.சி. வந்துச்சு. ட்ரெய்ட். நோய் இல்லை. சந்தோஷமா ரெஜிஸ்டர்ல எழுதினேன். அந்தப் பக்கத்து ஊருகளுக்குப் போற எஸ்.டி. பிரமோட்டர் அக்கா அப்பதான் லேப்ல இருந்தாங்க. பேரைப் பாத்துட்டு, "அய்யோ, இந்தப் பொண்ணா"ன்னாங்க. விஷயம் இதுதான். அந்த ஊருல ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பையன் இந்த நோயில செத்துப் போயிருக்கான். அதனால அந்த வார்த்தை அங்க எல்லாருக்கும் தெரியும். பொண்ணுக்குப் பேசி வெச்சிருந்த கல்யாணம் நின்னு போச்சு. தையல் கிளாஸுக்குப் போய்க்கிட்டிருந்தது, அம்மா நிறுத்திட்டாங்க. தண்ணி எடுக்கக் கூட அனுப்பறதில்லையாம். வீட்டுக்குள்ளயே உட்கார்ந்திருக்காம்.

அக்காவுக்கு யார் சொன்னதுன்னு தெரியல. "ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம்"னு மட்டும் சொன்னாங்க. நானும் வாயைத் திறக்கல. அதை ஒத்துக்கணும். ஒரு முழு நாள் வாயைத் திறக்கல.

அடுத்த நாள் ராத்திரி மூணாறு அண்ணன்கிட்ட சொன்னேன். திட்டுவார்னு பாத்தேன். அவர் மைக்ராஸ்கோப் லைட்டை அணைச்சுட்டு அவரோட பாட்டி கதையைச் சொன்னார்.

அவர் பொறந்தது இடுக்கி மாவட்டம், மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் லைன் வீடு. கொழுந்து பறிக்கறதுக்குன்னு தமிழ்நாட்டுல இருந்து போன குடும்பம். 2015 செப்டம்பர்ல மூணாறுல பொம்பளைங்க 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களையும் ஓரங்கட்டிட்டு ரோட்டுல உட்கார்ந்தாங்களே, 'பெம்பிளை ஒருமை'ன்னு, அதுல அவங்க அம்மாவும் உட்கார்ந்தவங்கதான். இவர் போன் பண்ணினதுக்கு, "நாங்க பாத்துக்கறோம், நீ படி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டாங்களாம்.

பாட்டிக்கு ஒரு சமயம் தீராத இருமல். எங்கயோ ஒரு மருந்து ஜன்னல்ல யாரோ ஒருத்தர், சளி ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே, "டிபியா இருக்கும், தள்ளியே இரு"ன்னு சொல்லியிருக்கார். ரிசல்ட்ல ஒண்ணும் இல்ல. இருமலும் நின்னுடுச்சு. ஆனா பாட்டி அன்னைல இருந்து தனித் தட்டு, தனி டம்ளர். பேரனைத் தூக்க மாட்டாங்களாம். "நான் டாக்டருக்குப் படிக்கறேன், உனக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லியும் அந்த டம்ளரை விடல தம்பி. சாகிற வரைக்கும். ஜன்னல்ல சொன்னவர் சாயங்காலமே மறந்திருப்பார்."

கொஞ்ச நேரம் கழிச்சு, "நாளைக்குப் போவோம்"னார்.

திருச்சூர்ச் சேச்சியும் வந்தாங்க, பிரமோட்டர் அக்காவும் வந்தாங்க. ஜீப்பை ஊருக்கு ரொம்பத் தள்ளியே நிறுத்தச் சொன்னது சேச்சிதான். ஆஸ்பத்திரி வண்டி ஒரு வீட்டு வாசல்ல நின்னா அதுவே ஒரு ரிசல்ட்னு சொன்னாங்க. சோளக்காட்டு வழியா நடந்தோம். வழியில நான், "டாக்டர் நீங்க சொல்லிடுங்க சேச்சி, நீங்க சொன்னா நம்புவாங்க"ன்னேன். சேச்சி நின்னு திரும்பினாங்க. "ஞானல்ல. நீயல்லே பறஞ்ஞது?" சொன்னது நீதானே.

வீட்டுக்குள்ள பொண்ணு, அம்மா, அப்பா. எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. மூணாறு அண்ணன் முறத்துல இருந்த துவரையும் சோளமும் கொஞ்சம் அள்ளி என் கையில குடுத்தார். அதை வெச்சு ஆரம்பிச்சேன். துவரைன்னா சாதா விதை, சோளம்னா சிக்கிள் விதை. எல்லாருக்கும் ரெண்டு விதை, அம்மா ஒண்ணு, அப்பா ஒண்ணு குடுத்தது. ரெண்டும் சோளமா இருந்தாதான் நோய். உனக்கு ஒரு துவரை, ஒரு சோளம். உனக்கு நோய் கிடையாது. உனக்கு வரப்போறவருக்கு ரெண்டும் துவரையா இருந்தா உன் குழந்தைங்களுக்கும் இந்த நோய் வராது. அவருக்கும் ஒரு சோளம் இருந்தா மட்டும் ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. அதனால அவரும் டெஸ்ட் பண்ணிக்கணும்.

அம்மா அந்த விதைகளையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அப்புறம் துவரையையும் சோளத்தையும் தன் உள்ளங்கையில மாத்தி மாத்தி வெச்சுப் பாத்தாங்க. புரிஞ்சுடுச்சு. என் பேராசிரியருக்கு என்னைப் புரிய வைக்க ஒரு செமஸ்டர் ஆச்சு.

பொண்ணு மட்டும் என்னையே பாத்துச்சு. "அப்ப அன்னிக்கு ஏன் ஆமான்னு சொன்னீங்க?"

நான் தயார் பண்ணி வெச்சிருந்த பதில் எல்லாம் இருந்துச்சு. டெஸ்ட் அப்படி, மெஷின் இல்ல, கூட்டம் அதிகம். ஒண்ணும் வரல. "தெரிஞ்சுக்காம சொல்லிட்டேன்மா. தப்பு என்னோடது"ன்னேன். அது ஒண்ணும் சொல்லல. பரவாயில்லன்னு கூடச் சொல்லல. சொல்லணும்னு என்ன இருக்கு?

அந்தக் கல்யாணம் திரும்ப நடக்கல. மாப்பிள்ளை வீட்டுல டெஸ்டுக்கும் ஒத்துக்கல, பேச்சுக்கும் வரல. நாங்க போனதால எல்லாம் சரியாச்சுன்னு எழுத எனக்கும் ஆசைதான்.

திரும்பி வந்ததும் ஒரு வேலை பண்ணினோம். தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒரு துண்டுச் சீட்டு. "இது முதல் டெஸ்ட். உங்களுக்கு நோய் இருக்கா இல்லையான்னு இது சொல்லாது. அடுத்த ரிசல்ட் வந்ததும் டாக்டர் சொல்வார். அதுவரைக்கும் எதையும் நிறுத்தாதீங்க." கடைசி வரி அண்ணன் சேர்த்தது. மலையாளம் சேச்சி கையெழுத்து. சீனியர் டெக்னீசியன் படிச்சுப் பாத்துட்டு, ஜெராக்ஸ் காசு நான் தர்றேன்னார்.

போஸ்டிங் முடிஞ்சு மூணு பேரும் கிளம்பினாங்க. மன்னார்க்காடு பஸ், கொண்டை ஊசி வளைவுல இறங்கிப் போற வண்டி. லேப் காலியான மாதிரி ஆயிடுச்சு. ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டிருந்துச்சு.

நான் கிளம்பறதுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஜன்னல்ல அந்தப் பொண்ணு. கூட ரெண்டு பொண்ணுங்க, டெஸ்டுக்குக் கூட்டிட்டு வந்திருந்துச்சு. தையல் கிளாஸுக்குத் திரும்பப் போறேன்னுச்சு. நான் ரத்தம் எடுத்து முடிச்சதும் அந்த ரெண்டு பேர்கிட்டயும், "இந்த அண்ணன் என்ன சொன்னாலும் ரெண்டு தடவை கேளுங்க"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சுது. எனக்குக் கிடைச்ச சர்டிபிகேட்ல அதுதான் பெருசு.

அதுக்கப்புறம் எத்தனையோ மாறிடுச்சு. 2023 ஜூலை 1 அன்னைக்கு மத்தியப் பிரதேசம் ஷாதோல்ல சிக்கிள் செல் ஒழிப்புக்குன்னு தேசிய இயக்கமே ஆரம்பிச்சாங்க, 2047 இலக்குன்னு. அதே வருஷக் கடைசியில பிரிட்டன்லயும் அமெரிக்காவுலயும் ஜீனைத் திருத்தற சிகிச்சைக்கே அனுமதி குடுத்துட்டாங்க. மூணாறு அண்ணன் இப்ப கேரளாவுலயே அரசு டாக்டர். 2020 ஆகஸ்ட்ல பெட்டிமுடி லைன் வீடுங்க மேல மலை சரிஞ்சு எழுபது பேர் போனப்ப ரெண்டு நாள் அவரைப் போன்ல பிடிக்க முடியல. மூணாவது நாள் எடுத்து, "இருக்கேன் தம்பி"ன்னு மட்டும் சொன்னார்.

நான் வந்து சேர்ந்த இடத்தைப் பாருங்க. சவூதியோட இந்தக் கிழக்குப் பக்கம், கதீஃப், அல் அஹ்சா எல்லாம் சிக்கிள் செல் நிறைய இருக்கற பூமி. கல்யாணத்துக்கு முன்னாடி ரத்தப் பரிசோதனை 2004ல இருந்து இங்க கட்டாயம். இங்க இருக்கற சிக்கிள் ஜீனும் நம்ம பழங்குடிகள்கிட்ட இருக்கற சிக்கிள் ஜீனும் ஒரே வகை, அரபு இந்திய வகைன்னே பேரு. முதல் தடவை அதைப் படிச்சப்ப, நான் ஆனைகட்டிப் பாலத்தைத் தாண்டவே இல்லையோன்னு தோணுச்சு.

நேத்து ராத்திரி டாக்டர் வந்து அந்த அப்பாகிட்ட அரபியில பொறுமையா எடுத்துச் சொன்னார். அப்பா தலையை ஆட்டிக்கிட்டே கேட்டார். போறப்ப என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுட்டுப் போனார். நான் ஒண்ணுமே பண்ணல. ஒரு 'ஆமா' சொல்லாம இருந்தேன், அவ்வளவுதான்.

பி.கு: திருச்சூர்ச் சேச்சிக்கு இதை அனுப்பினேன். தமிழ் படிக்கத் தெரியாது, யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்காங்க. ஒரே ஒரு திருத்தம் சொன்னாங்க. அன்னிக்கு ஹீமோகுளோபின் 4.2 இல்லியாம், 4.1 ஆம். அவங்களுக்கு நம்பரும் ஞாபகம் இருக்கு.